‘ரோசனையாவே இருக்குதுங்க’

சித்தப்பா ஷூவுக்கு பாலிஷ் போடுவதை நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து திண்ணையில் உட்காருவார். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, டப்பாவில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு ஏறியதும் சுவரோரம் ஜோடி சேர்த்து வைப்பார். அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு போக அவருக்கு இடம் எதுவும் இல்லை.

பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். இருபத்துநாலு வருஷம். ஹவில்தாராக 2020-ல் ஊர் திரும்பியபோது வயது 43. கொரோனா ஊரடங்கில் வந்ததால் மாலை, மேளம் எதுவும் இல்லை. அன்னூர் பக்கத்துக் கிராமம், வானம் பார்த்த பூமி, தண்ணி வற்றிய போர்வெல். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போய் மூன்று மாதத்தில் நின்றுவிட்டார். விசேஷ வீடுகளுக்குப் போவது நின்றது. பங்காளிகளோடு பேச்சு குறைந்தது. ராணுவக் கேன்டீனின் மது கோட்டா மட்டும் மாதம் தவறாமல் வந்தது, அதுவும் சீக்கிரமே தீர்ந்தது. என்ன செய்யுது சித்தப்பா என்று கேட்டால் “ரோசனையாவே இருக்குது கண்ணு” என்பார். டாக்டரிடம் போனால் முழங்கால் வலி என்பார்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊர் பேரும் ரெஜிமென்ட் பேரும் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய ஆர்.எஸ்.புரம், கோவைக்காரர்களுக்குப் பாதி கடைவீதி, பாதி ஆஸ்பத்திரி வீதி. திவான் பகதூர் சாலையையும் அதை வெட்டிப்போகும் நேர்கோட்டுத் தெருக்களையும் சுற்றினால் எலும்புக்கு, தோலுக்கு, காதுக்கு, பல்லுக்கு என்று பலகைகள். மனசுக்கும் பலகை உண்டு, பெரும்பாலும் மாடியில். அப்படி ஒரு மாடிக்குத்தான் சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துப் போனேன். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறும்வரை எங்கே போகிறோம் என்றே நான் சொல்லவில்லை. அது என் தப்பு.

உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “உட்காருங்க அங்கிள்” என்றார். அச்சடித்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, போன இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். சித்தப்பா நாற்காலியின் நுனியில், முதுகு நிமிர்த்தி, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “இல்லீங் மேடம். நல்லாத்தானுங்க இருக்கறேன்.” சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம். நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் கேட்ட தாள் தப்பானதல்ல. பி.எச்.க்யூ-9 என்கிற அந்த ஒன்பது கேள்விகள் உலகம் முழுக்கப் புழங்குபவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். கேள்வி சரியாகவே இருந்தது. ஒரு பட்டாளத்துக்காரரிடம் அதை எப்படிக் கேட்பது என்று மட்டும் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

‘எஸ்’ என்ற எழுத்து

ராணுவத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மருத்துவத் தரம் உண்டு. ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்து. காதுக்கு ஒன்று, கை கால்களுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. முதல் எழுத்தான ‘எஸ்’ மனநிலைக்கு. ஐந்திலும் ஒன்றாம் எண் வாங்கியவர் ‘ஷேப்-ஒன்’, முழுத் தகுதி. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமானால் கமாண்டிங் ஆபீசர் தனியாக ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அப்படிப் போய் ‘எஸ்’ இறங்கிவிட்டால் பதவி உயர்வு முதல் போஸ்டிங் வரை எல்லாம் இடறும். இதை ஒரு சிப்பாய் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தெரிந்துகொள்கிறார். இருபது வருஷம் “ஐயா, எல்லாம் சரி” என்றே பதில் சொல்லிப் பழகிய வாய் அது. டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக ஒரு மாடி அறையில், முன்பின் தெரியாத பெண்ணிடம், படிவத்தைப் பார்த்ததும் அது மாறிவிடுமா? சித்தப்பா ஒன்பது கேள்விக்கும் சொன்னது பொய் அல்ல, பயிற்சி.

ஆகவே முன்னாள் படைவீரருக்குச் சிகிச்சை தருபவர் முதலில் படிக்க வேண்டியது இந்த ‘எஸ்’ பற்றித்தான். உங்கள் பதில் எந்த ஆபீசருக்கும் போகாது, பென்ஷனைத் தொடாது என்று வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. சட்டம் இருப்பது கவுன்சலருக்குத் தெரியும், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

வார்த்தையிலும் ஒரு சிக்கல். பத்திரிகைகளில் நாங்களே ‘மன அழுத்தம்’ என்று எழுதி எழுதி, ஆபீஸ் டென்ஷனையும் ஆளைப் படுக்கப்போடும் நோயையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். நோய்க்குச் சரியான சொல் மனச்சோர்வு. ஆனால் கொங்குக் கிராமத்தில் இரண்டையுமே யாரும் சொல்வதில்லை. “ரோசனை”, “சலிப்பா இருக்குது”, “ஒண்ணும் புடிக்கல”, “நெஞ்சு பாரமா இருக்குது”, “ஒடம்பு ஒரு பக்கமா இழுக்குது” என்றுதான் வரும். ஆண்களுக்கு எரிச்சலாகவும் குடியாகவும் முதுகு வலியாகவும் வரும். பாடப் புத்தகத்துச் சொல்லுக்குக் காத்திருக்கும் காதுக்கு இவை எதுவும் நோயாகக் கேட்காது.

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குச் சிகிச்சையே போய்ச்சேரவில்லை என்றது. மாடிப்படி ஏறி வந்தும் “நல்லாத்தான் இருக்கறேன்” என்று சொல்லித் திரும்பிப் போகிறவர்களை நான் இப்போது அந்தக் கணக்கோடு சேர்த்தே நினைக்கிறேன்.

நீலகிரியிலிருந்து போன காது

போர் முடிந்து வந்தவனின் மனதைப் பேச்சால் ஆற்றலாம் என்று உலகுக்குக் காட்டிய மருத்துவர்களில் முக்கியமானவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் 1917-ல் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார். “நடந்ததை மறந்துவிடு, நினைக்காதே” என்பதுதான் அன்றைக்குப் பொதுவான அறிவுரை. அப்படி அமுக்கி வைப்பதே நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் 1917 டிசம்பரில் மருத்துவர்கள் முன் வாதிட்டார்.

இந்த மனிதர் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பு நம் மலையில் இருந்தார். 1901-02-ல் நீலகிரியில் மாதக் கணக்கில் தங்கித் தோடர்களோடு பேசி, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். நேராகக் கேள்வி கேட்டால் பதில் வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் குடும்பத்திலிருந்து ஆரம்பிப்பார். உன் அப்பா யார், அவர் கூடப்பிறந்தவர்கள் யார், யார் யாரைக் கட்டினார்கள் என்று வம்சாவளியை வரிசையாகக் கேட்டு எழுதுவார். ஆள் தன் உறவுகளைச் சொல்லிக்கொண்டே போகும்போது மற்றதெல்லாம் தானாக வெளியே வரும். டாரஸ் நீரிணைத் தீவுகளில் பழகிய அந்த முறையை இங்கே விரித்துப் பயன்படுத்தினார். கிரெய்க்லாக்ஹார்ட்டில் அதிகாரிகள் முன் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்ட காதுக்கு நீலகிரியும் ஒரு பள்ளிக்கூடம் என்றே நான் நம்புகிறேன்.

அதே மலையில்தான் வெலிங்டன் இருக்கிறது. 1758-ல் தொடங்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் 1947 முதல் அங்கே. கீழே இறங்கினால் சூலூரில் விமானப்படைத் தளம். கோவை ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானியும். பாரதியார் பல்கலைக்கழகமும் அவினாசிலிங்கமும் கோவை மருத்துவக் கல்லூரியும் டவுன் பஸ் தூரத்தில். ஆளைச் சிப்பாயாக்கும் இடமும், உளவியல் படிப்பும், மனநலப் பிரிவும் இத்தனை நெருக்கத்தில் அமைந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எது?

மூன்று நாள் பாடம், ஆறு மாதம் காது

கவுன்சலரை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதற்குப் பெரிய அளவில் நடந்து, அளந்தும் பார்க்கப்பட்ட முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, மனச்சோர்வுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தன் மருத்துவமனைகள் முழுக்கக் கொண்டுபோக முடிவு செய்தபோது, ஏற்கெனவே பட்டமும் உரிமமும் வைத்திருந்தவர்களைத்தான் மறுபடி வகுப்பில் உட்கார வைத்தது. வகுப்பு மூன்றே நாள். உண்மையான பயிற்சி அதற்குப் பிறகு. ஊர் திரும்பிய ஒவ்வொருவரும் நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சை அமர்வுகளைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அனுபவசாலி ஒருவர் அதை முழுக்கக் கேட்டு மதிப்பெண் போடுவார். வாரம் ஒருமுறை, நான்கைந்து பேர் போனில் கூடி, எங்கே அவசரப்பட்டோம், எங்கே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டோம் என்று அலசுவார்கள். இப்படி ஆறு மாதம். மதிப்பெண் தாளில் பதினொரு அம்சங்கள், மொத்தம் 66. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. 2012-ல் வெளியான முடிவுகளின்படி, இப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சை எடுத்த படைவீரர்களின் சோர்வு மதிப்பெண் சராசரியாக ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது.

அமெரிக்காவிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கோவாவில் சங்கத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் செய்ததைப் பாருங்கள். உளவியல் படிக்காத சாதாரண மக்களுக்குச் சில வாரப் பாடம் சொல்லித்தந்து, பிறகு மாதக் கணக்கில் அவர்களின் அமர்வுப் பதிவுகளை அவர்களே ஒருவருக்கொருவர் கேட்டு மதிப்பெண் போடும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இவர்களிடம் ஆறு முதல் எட்டு அமர்வு பேசியவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நோயிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பயிற்சி பெறுபவரின் அமர்வை இன்னொரு காது கேட்கிறது. தையல் கற்றுக்கொள்பவரின் தையலை யாரோ பிரித்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இதுதான் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று பதிவு பெற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கறாரான வழி இருக்கிறது, மேற்பார்வையோடு கூடிய முறையான பயிற்சியும் அதில் உண்டு. ஆனால் அவர்கள் சொற்பம். மற்றபடி முதுகலை உளவியல் முடித்த பிள்ளைகள், ஒரு நாள் பட்டறை, அதற்கொரு சான்றிதழ், கையோடு ஒரு அறை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அக்கறை உள்ள பிள்ளைகள். கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடப்பதைச் சரிபார்த்துச் சொல்லித்தர அவர்களுக்கு ஆள் இல்லை. சித்தப்பாவோடு முதலில் பேசிய பெண்ணின் அமர்வை ஒரு மூத்தவர் கேட்டிருந்தால், ‘அங்கிள்’ என்ற சொல்லிலேயே நிறுத்தியிருப்பார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியல்ல. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் இருக்கிறது. 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. 2003 முதல் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் முன்னாள் படைவீரர்களைக் கவனிக்கின்றன. சித்தப்பாவே மாதம் ஒருமுறை மாத்திரைக்கு அங்கே போய்வருகிறவர்தான். முழங்காலுக்கான மாத்திரை. அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம், பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் இரண்டு நாள் பேசினால் போதும். இந்தக் கட்டுரை மூலம் நான் கேட்பது அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்கள்

இந்தப் பயிற்சியில் எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு அத்தியாயம் நமக்கு வேண்டும். 1987-லிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் தாங்கள் நிறுத்திய கிழவி தங்கள் ஆத்தாவின் பாஷையில் கும்பிட்டதைக் கேட்டவர்கள் அவர்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் தரப்பில் காரணம் இருந்தது, தமிழ்நாட்டில் பெரும் பகுதி அதை ஏற்கவும் செய்தது. இறங்கி வந்த சிப்பாய் அந்தக் காட்சியை நெஞ்சில் எங்கே வைத்துக்கொண்டான்? இன்று அவர்களில் பலருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பேசினால் துரோகி என்பார்களோ என்ற பயம் ஒருபுறம், பேசாவிட்டால் தூக்கம் இல்லை.

வியட்நாம் சிப்பாய்களைப் பல வருஷம் கவனித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே இதை அறக்காயம் என்று பிரித்துக் காட்டினார். பயத்தால் வருகிற நடுக்கம் வேறு, சரியென்று நம்பியது உடைந்துபோன வலி வேறு. இந்த இரண்டாவதற்குத் தைரியம் சொல்லும் சிகிச்சை உதவாது. இங்கே கவுன்சலருக்கும் ஒரு அரசியல் இருக்கும், ஈழம் பற்றி அவர் வீட்டிலும் பேச்சு நடந்திருக்கும். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்போது தன் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதைக் கவனிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு தமிழ் கவுன்சலருக்கு இதைவிடக் கடினமான பாடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெட்கம் உயிரை வாங்கும் என்பது நமக்குப் புதிதல்ல. வெண்ணிப் போரில் முதுகில் காயம் பட்டதற்காக, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் பள்ளியில் பெருமையாகப் படித்தவர்கள் நாம். கொங்கு நாட்டுக் காட்டு மேட்டிலெல்லாம் நடுகல் நிற்கிறது, எல்லாம் செத்தவர்களுக்கு. ஆகவே, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்கிற ஒன்பதாவது கேள்வியை நேராகக் கேட்கப் பயிற்சி வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வெறும் பயம். கேட்டால் ஆள் இறுக்கம் தளர்ந்து பேசுகிறார் என்பதுதான் அனுபவம். ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே யாரைக் கூப்பிடுவது, வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைப்பது, இரவு யார் உடன் இருப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யவும் தெரிந்திருக்க வேண்டும்.

காலமும் நெருங்குகிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணி நாலு வருஷம் முடித்து வெளியே வரும் நேரம். அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான் படையில் தொடர்வார்கள். மீதிப் பேர் இருபத்துச் சொச்சம் வயதில், கையில் ஒரு தொகையோடு, பென்ஷனும் இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். அந்தப் பாலிகிளினிக் வரிசையில்கூட அவர்கள் இருக்க மாட்டார்கள்.

சர்வீஸ் நம்பர்

எட்டு மாதம் கழித்து அதே ஆர்.எஸ்.புரத்தில், வேறொரு மாடிக்குப் போனோம். இந்த முறை பஸ் ஏறும் முன்பே எங்கே போகிறோம் என்று சொன்னேன். இங்கே இருந்த கவுன்சலர் பெண்ணுக்கும் வயது முப்பதுக்குள்தான். முதல் கேள்வி, “உங்களை எப்படிங்க கூப்பிடறது?” சித்தப்பா சற்று யோசித்து, “ஹவில்தார்னே சொல்லுங்க மேடம்” என்றார். இரண்டாவது கேள்வி, “சர்வீஸ் நம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?”

அந்த எண்ணை அவர் சொன்ன வேகத்தை என்னால் மறக்க முடியாது. மூச்சு விடாமல், ஒவ்வொரு இலக்கமாக. அதற்குப் பின்னாலேயே சேர்ந்த தேதி, டிரெய்னிங் கம்பெனி, முதல் போஸ்டிங். எங்கள் வீட்டில் நாலு வருஷத்தில் பேசியதைவிட அந்த இருபது நிமிஷத்தில் அதிகம் பேசினார்.

பிறகு அந்தப் பெண் கேட்டது: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, அப்புறம் என்ன, அதற்கப்புறம்? நாலரைக்கு எழுவது, பாலிஷ் போடுவது. ஐந்தரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ரெவெலி, பி.டி., ஃபால்-இன், ரோல் கால் என்று இருபத்துநாலு வருஷம் மணிப்படி நடந்த உடம்பு, ஐந்தரைக்குப் பிறகு வெறும் வெளியில் நிற்கிறது. அந்தப் பெண் தொடங்கிய சிகிச்சையின் தர்க்கம் எளிது. சோர்வு வந்தவர் வேலைகளிலிருந்து ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்க சந்தோஷம் தரும் சின்னச் சின்ன விஷயங்களும் அற்றுப்போகும், சோர்வு இன்னும் கனக்கும். மனசு சரியானால் எழுந்து போவோம் என்று காத்திருக்காமல், முதலில் எழுந்து போக வைப்பது. மனசு பின்னாலேயே வரும். கோவாவில் நடந்ததும் இதுதான். பட்டாளத்துக்காரர்களுக்கு இது பொருந்துகிறது என்றால், அவர்களுக்குப் பழக்கமான பாஷை இது: நேரம், வேலை, ரிப்போர்ட்.

ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். மணி, செய்த வேலை, அப்போது மனசுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். முதல் வேலையாக சித்தப்பாவே தேர்ந்தெடுத்தது ஊர்க் குட்டையை. அத்திக்கடவு-அவினாசித் திட்டத் தண்ணீர் 2024-ல் வந்த பிறகு அதில் தண்ணி நிற்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு போய், தண்ணி எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரையும் எழுதினார், அதுவும் சேர்ந்துதான். குடியைக் குறைப்பது இன்னும் பாதி வழியில் நிற்கிறது. சில வாரம் நோட்டு காலியாகவே வரும்.

போன வாரம் ஆறாவது அமர்வு. நானும் உள்ளே இருக்கலாம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அந்தப் பெண் நோட்டைப் புரட்டினார். ‘காலை 6 – குட்டை. தண்ணி மூணாம் படி. மார்க் 4.’ ‘காலை 6 – குட்டை. நாலு கொக்கு. மார்க் 5.’ ராணுவ லாக் புத்தகம் போல, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. வியாழக்கிழமைக்கு நேரே தேதி மட்டும் இருந்தது. அதை ஒரே சீராக இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடாமல் மேஜைமேல் வைத்து, சும்மா இருந்தார். கீழே தெருவில் ஹாரன் சத்தம். சித்தப்பா ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து ஒரு பேர் சொன்னார். எங்கள் வீட்டில் யாருமே அதுவரை கேட்டிராத பேர்.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.